பல்பக்கா செய்த பின்விளக்கு

எங்கள் தெருவில் வண்டிக்கு வேண்டிய எல்லாம் கிடைக்கும். ஒரு முனையில் டயர், மறுமுனையில் பெயின்ட், நடுவில் நான். சீட் தைப்பது என் தொழில். என் கடைக்கும் பல்பக்கா வேலை பார்த்த கடைக்கும் இடையில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் என் தையல் ஊசி நிற்கும்.

பல்பு வேலை பார்ப்பதால் பல்பக்கா என்பது தெரு வைத்த பெயர். என்னைவிட இளையவர். இருந்தும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். புதிதாக வருகிறவர்கள் முறை புரியாமல் திருதிருவென்று விழிப்பார்கள்.

கடை அவருடைய தம்பியுடையது. வண்டிக்கு விளக்கு, ஹாரன், பாட்டுப் பெட்டி மாட்டுகிற கடை. அக்கா அங்கே வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் அவர் டி.வி. தொழிற்சாலையில் இருந்தார். பூதக்கண்ணாடிக்கு அடியில் போர்டை வைத்து, எங்கே ஈயப் பற்று விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கிற வேலை. புருஷன் வீட்டில் வேலையை விடச் சொன்னார்கள், விட்டார். வாயைத் திறக்காதே என்றார்கள், திறக்கவில்லை. அடி விழ ஆரம்பித்ததும் தம்பிக்கு மட்டும் போன் செய்தார். அவன் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, யாரோ ரிப்பேருக்கு விட்டிருந்த வேனை எடுத்துக்கொண்டு போனான். அக்காவையும் அக்காவின் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு, அந்த வீட்டு வாசலில் நின்று, "இன்னொரு தடவை எங்கக்கா மேல கை பட்டுச்சு, அந்தக் கை உங்ககிட்ட இருக்காது" என்று சொல்லிவிட்டு வந்தானாம். இதை அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

ஆகவே தம்பியைக் கெட்டவன் என்று எடுத்த எடுப்பில் நினைத்துவிடக் கூடாது.

அவனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம், யார் என்ன கேட்டாலும் "ஆயிடும்" என்பது. எப்படி ஆகும் என்று மண்டையை உடைத்துக்கொள்வது அக்காவின் பாடு. அப்படித்தான் ஒரு நாள் வேன் முதலாளி ஒருவர் வந்தார். அலுவலகங்களுக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன்கள் அவரிடம் நிறைய ஓடின. பின்பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு ஓடுகிற மாதிரி எல்.இ.டி. விளக்கு வேண்டும், வேறு எவன் வண்டியிலும் அது இருக்கக் கூடாது என்றார். தம்பி "ஆயிடும்" என்றான். அக்கா பென்சிலை எடுத்தார்.

அந்தச் சில மாதங்கள்தான் நான் பார்த்ததில் அக்கா சந்தோஷமாக இருந்த காலம். கிழித்துப் போட்ட ரெக்சின் துண்டுகளின் பின்புறத்தில் சர்க்யூட் வரைவார். சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது.

"சிவப்பு எரியணும், அவ்வளவுதானே? இதுக்கு ஏன் இவ்வளவு கோடு?" என்று கேட்டேன்.

"வீட்டுக் கரண்ட் வேறண்ணே, வண்டிக் கரண்ட் வேற. இது குடிச்சவன் நடக்கிற மாதிரி. இன்ஜினை முறுக்கினா ஏறும், ஹாரன் அடிச்சா இறங்கும், திடீர்னு எகிறும். இந்த எல்.இ.டி. பூஞ்சை உடம்பு. ஒரு அடி தாங்காது. அதான் வாசல்லயே ஒரு காவல்காரனை நிறுத்துறேன். எகிறி வர்றதை அவன் வாங்கிப்பான்." காவல்காரன் என்றது அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்புத் துண்டு.

"அது சரி. இது என்ன வரிசை வரிசையா?"

"ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனியா கரண்டை அளந்து விடுறேன். ஒரு வரிசை செத்தாலும் மத்தது எரியணும். பின்னாடி வர்றவன் கண்ணுக்கு ஏதாவது ஒண்ணு தெரியணும்ல."

சாதாரணமாகப் போகும்போது மங்கலாகவும், பிரேக்கை மிதித்தால் பளிச்சென்றும் எரிய வேண்டும். அந்த இரண்டுக்கும் தனித்தனியாக வரும் கம்பிகளில் ஒன்றின் கரண்ட் இன்னொன்றுக்குள் திரும்பிப் போகாமல் தடுக்க நாலைந்து விதமாகச் செய்து பார்த்தார். விளக்கை வாளித் தண்ணீரில் முக்கினார். காற்றடிக்கும் மெஷினின் மேல் கட்டிவைத்து நாள் முழுக்கக் குலுக்கவிட்டார். ஈரம் உறிஞ்சட்டும் என்று வீட்டு அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தார். தம்பி பெண்டாட்டி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஊர்ல எல்லார் வீட்டு சோத்துலயும் கல்லு வரும், நம்ம வீட்டுல பல்பு வரப்போகுது" என்றாளாம். அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள்.

முதல் வேனில் மாட்டி எரியவிட்டபோது தெருவே கூடி நின்றது. வேன் முதலாளி எல்லா வண்டிகளுக்கும் வேண்டும் என்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். கடையில் இடம் போதாமல், தம்பி ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை பிடித்து ஆள் வைத்தான். அக்கா கொடுத்த மாதிரியைப் பார்த்து அங்கே செய்வார்கள்.

"நானும் ஒரு தடவை வந்து பார்க்கிறேனேடா" என்று அக்கா கேட்பார்.

"நீ எதுக்குக்கா அலையுற? மாதிரி குடுத்துட்டேல்ல, மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

அவர் நம்பினார்.

மழைக்காலம் வந்தது. ஒரு சாயங்காலம், அந்த முதலாளியின் வேன் ஒன்று டயர் இறங்கி சாலை ஓரத்தில் நின்றது. நல்ல மழை. ஓட்டுநர் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். ஆனால் பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. ஆஸ்பத்திரி வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்த நர்ஸ் ஒருத்தி, அங்கே வண்டி நிற்பதே தெரியாமல் போய் மோதினாள். உயிர் பிழைத்தாள். இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் தம்பி வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது அவன் நினைவில் இல்லை.

"அக்கா, கத்தாம கேளு."

"நான் எப்படா கத்தியிருக்கேன்?"

"அந்த பார்ட்டெல்லாம் போடலக்கா."

"எந்த பார்ட்?"

"அந்தக் காவல்காரன்னு சொல்லுவியே, அது. அப்புறம் வரிசைக்கு வரிசை வச்சியே, அது. அந்த இடத்துல கம்பியை வச்சு இணைச்சுட்டு, எல்லாத்துக்கும் பொதுவா கரண்டைக் குறைக்க ஒரே ஒரு ரெசிஸ்டர் போட்டோம். எரிஞ்சுதுக்கா. சத்தியமா நல்லா எரிஞ்சுது. எரியுதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு பார்ட்டுன்னு…"

"ஒரு வரிசை போனா அதோட பங்கு மத்ததுக்குப் போகும். ஒண்ணு பின்னாடி ஒண்ணா எல்லாம் போயிடும்" என்றார் அக்கா, பாடம் ஒப்பிக்கிற மாதிரி. பிறகு, "எத்தனை வண்டியிலடா?"

அதற்கு அவன் அழ ஆரம்பித்தான். "நான் உள்ள போயிட்டா ரெண்டு பிள்ளைங்களும் நடுத்தெருவுல நிக்கும். இவ வேற மாசமா இருக்கா. டிசைன் உன்னுதுன்னு எல்லாருக்கும் தெரியும். நீதான் பண்ணேன்னு சொன்னா பெருசா எதுவும் பண்ண மாட்டாங்க. உனக்கு… உனக்குன்னு யாருக்கா இருக்கா?"

"எனக்கு நீ இருக்கேன்னு நெனச்சேன்டா" என்றார் அக்கா.

அப்புறம் அவன் ஒரு வாக்கு கொடுத்தான். மற்ற வண்டிகளை எல்லாம் சத்தமில்லாமல் கூப்பிட்டு, விளக்கை மாற்றிவிடுவதாக. கேஸ் முடிவதற்குள் ஒன்றுகூட பாக்கி இருக்காது என்று.

அவன் போனதும் நான் தடுப்பைத் தாண்டிப் போனேன். "இது அநியாயம். நான் வந்து சொல்றேன்" என்றேன்.

"அண்ணே, நீங்க தைக்கிறதைத் தைங்க. அன்னிக்கு எனக்காக ஒரே ஒரு ஆள்தான் வந்தான். அது அவன்தான்."

விசாரணை அதிகாரி மேஜையில் அந்த போர்டை வைத்திருந்தார். அக்கா அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார். அவர் வரைந்த அதே போர்டு. காவல்காரன் உட்கார வேண்டிய இடம் பல் பிடுங்கிய ஈறு மாதிரி வெறுமையாக இருந்தது. வரிசைகளின் வாசலில் துண்டுக் கம்பிகள். அந்த ஒற்றை ரெசிஸ்டருக்கு அடியில் போர்டு கருகியிருந்தது.

"இது யாரோட டிசைன்?"

"என்னுது."

"இந்த இடமெல்லாம் ஏன் காலியா இருக்கு?"

"தேவையில்லைன்னு நான்தான் எடுத்தேன்."

ஜெயிலுக்குப் போனதைவிட அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதுதான் வலித்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அதிகாரி அடுத்த கேள்வி கேட்டார். "வேற எந்த வண்டிக்காவது இப்படிப் பண்ணியிருக்கீங்களா?"

பக்கத்தில் நின்ற தம்பி முந்திக்கொண்டான். "இல்ல சார். இது ஒண்ணுதான். அக்கா ஏதோ சோதிச்சுப் பார்க்கச் செஞ்சது."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். அக்கா தம்பியைப் பார்த்தார். "ஆமா. ஒண்ணுதான்" என்றார்.

கோர்ட்டில் நர்ஸ் ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் அக்கா தலையைத் திருப்பவே இல்லை. பெரிதாக எதுவும் பண்ண மாட்டார்கள் என்று தம்பி சொன்னது பலிக்கவில்லை. அடுத்த மழைக்காலம் முழுவதும் அக்கா உள்ளேதான் இருந்தார்.

தம்பி ஆரம்பத்தில் பார்க்கப் போனான். பிறகு பெண்டாட்டிக்குப் பிரசவம், பிறகு வியாபாரம், பிறகு எதுவும் சொல்லாமலே போகவில்லை. நான் போகும்போதெல்லாம் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "வண்டியெல்லாம் மாத்திட்டானாண்ணே?" தம்பியிடம் கேட்டால், "நடந்துக்கிட்டு இருக்கு" என்பான். அதையே போய்ச் சொல்வேன்.

வெளியே வந்த அன்று நான்தான் அழைத்துக்கொண்டு வந்தேன். தம்பி வீட்டில் அக்காவின் அறையில் ஹாரன் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஓரத்தில் பாய் விரிக்க இடம் ஒதுக்கியிருந்தார்கள். கூடத்தில் குழல்விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்தது. பழக்கதோஷத்தில் அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு அதைத் திருகிப் பார்க்க ஏறினார். தம்பியின் மூத்த பெண் ஓடி வந்தாள்.

"அத்தை, நீங்க லைட்டைத் தொடக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு."

அக்கா இறங்கிவிட்டார்.

கடைக்கும் வர வேண்டாம் என்றாகிவிட்டது. "கஸ்டமர் ஒரு மாதிரி பார்ப்பாங்கக்கா" என்றான் தம்பி. வருகிறவர்களிடம் அவன் பேசுவது தடுப்பு வழியாக என் காதில் விழும். "எங்கக்கா பண்ண காரியத்துல கடையே போயிருக்கும். நான் எப்படியோ தலை நிமிர்ந்துட்டேன்." ஆரம்பத்தில் அதைச் சொல்லும்போது அவன் குரல் தாழும். போகப் போக அந்தத் தாழ்வும் இல்லை.

அக்கா பகலில் என் கடையில் வந்து உட்கார்ந்தார். பித்தான் தைத்துக் கொடுப்பார், பஞ்சு திணித்துக் கொடுப்பார். ஒரு நாள் ரெக்சின் துண்டைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்தார். பழைய சர்க்யூட்தான். ஒரு கோடு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. பாகங்களை வாங்கி, என் மேஜையின் மூலையிலேயே ஈயம் வைத்து முடித்தார். மெக்கானிக் ஒருவர் பழைய வேன் இன்ஜின் ஒன்றைக் கட்டைமேல் ஏற்றி வைத்திருந்தார். அதில் மாட்டினோம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கா பேட்டரிக் கம்பியைப் படக்கென்று பிடுங்கினார். கரண்ட் தாறுமாறாக எகிறுவது அப்போதுதானாம். விளக்கு அசையவில்லை. மறுபடி மாட்டினார், மறுபடி பிடுங்கினார். சிவப்பு அப்படியே நின்றது. பிறகு ஒரு வரிசையை வேண்டுமென்றே வெட்டிவிட்டார். மற்றவை எரிந்தன.

சத்தம் கேட்டுத் தம்பியும் வந்து நின்றான். ரொம்ப நேரம் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்க்கா! இதை முதல்லயே பண்ணியிருக்கலாமே!"

அக்கா நிமிர்ந்தார். "இதுதானடா அது."

"எது?"

"முதல்ல பண்ணது."

அவன் சிரித்தான். "சும்மா சொல்லாதேக்கா. இதுவா இருந்தா அன்னிக்கு ஏன் போச்சு?"

அங்கே போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை. மெக்கானிக்கும் டீ குடிக்கப் போயிருந்தார். நாங்கள் மூன்று பேர்தான். அவன் முகத்தையே பார்த்தேன். நடிப்பாக இருந்தால் காறித் துப்பியிருப்பேன். நடிப்பு இல்லை. சொல்லிச் சொல்லி அவனுக்கே அது உண்மையாகிவிட்டது. கொட்டகையில் கம்பி வைத்தது, ஷட்டரை இறக்கிவிட்டு அழுதது, எல்லாம் அவனுக்குள் எங்கேயோ கரைந்து போயிருந்தது.

"அந்த வண்டியெல்லாம் மாத்திட்டியா?" என்று அக்கா கேட்டார்.

"அது எப்பவோ ஆச்சே" என்றான், போனை எடுத்துக் காதில் வைத்தபடி.

அன்று அக்காவுக்குள் ஏதோ அறுந்தது. யாராவது ஒருவராவது நம்ப வேண்டும் என்ற வெறி வந்துவிட்டது போல. நர்ஸின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார். துணைக்கு நானும் போனேன். கீழ்த்தள வீடு. கதவைத் திறந்தவள் அக்காவை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடி நின்றே கேட்டாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னார்.

"கோர்ட்ல நான்தான்னு ஒத்துக்கிட்டீங்க. இப்போ தம்பின்னு சொல்றீங்க. அப்போ பொய் சொன்னீங்களா, இல்ல இப்போ சொல்றீங்களா?"

"அப்போ."

"சரி, அப்படியே வச்சுக்குவோம். நீங்க பொய் சொல்லி அவரைக் காப்பாத்துனீங்க. மத்த வண்டியில இருந்த லைட்டெல்லாம் என்னாச்சு?"

"மாத்திட்டான்."

"நீங்க பார்த்தீங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என் கால் உங்க தம்பியால போச்சு. உங்க பேச்சை நம்பினா அப்படித்தான். ஆனா அதுக்கப்புறம் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தா, அது உங்களாலதான். தியாகம் பண்ணிட்டோம்னு நெனச்சு வந்தீங்களா? எங்கிட்ட ஆறுதல் எல்லாம் இல்ல. போங்க."

கதவு சாத்தப்பட்டது. அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கிருந்து நேராக வேன் நிறுத்தத்துக்கு நடந்தார். வரிசையாக நின்ற வேன்களில் ஒன்றின் பின்னால் குந்தி உட்கார்ந்து, ஓட்டுநரிடம் கெஞ்சிக் கேட்டு, விளக்கின் மூடியைக் கழற்றினார். வெறும் இடங்கள். துண்டுக் கம்பிகள். அடுத்த வேனிலும் அப்படியே. அதற்கு அடுத்ததில் ஒரு பக்க விளக்கு ஏற்கெனவே செத்திருந்தது. ஒரு வண்டியைக்கூட அவன் மாற்றியிருக்கவில்லை.

அக்கா அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஒண்ணுதான்னு சொன்னேனேண்ணே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதிகாரியிடம் போனோம். கேஸ் முடிந்துவிட்டது, ஒத்துக்கொண்டவரே வந்து வேறு கதை சொன்னால் எப்படி என்றார். தம்பியிடம் அக்கா என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அவன் கத்தியது தெரு முழுக்கக் கேட்டது. "வயித்தெரிச்சல்! உள்ள போயிட்டு வந்ததுல இருந்து புத்தி பிசகிடுச்சு உனக்கு. என் பேரைக் கெடுக்கணும்னே அலையுற." சாயங்காலம் அக்காவின் பெட்டி என் கடை வாசலில் இருந்தது. அந்தப் பெட்டியை ஒரு காலத்தில் வேனில் ஏற்றிக்கொண்டு வந்ததும் அதே கைதான்.

இப்போது அக்கா பெயின்ட் கடை மாடியில் ஒரு அறையில் இருக்கிறார். டி.வி. ரிப்பேர், மிக்சி ரிப்பேர் என்று கிடைப்பதைச் செய்கிறார். மிச்ச நேரமெல்லாம் அந்த விளக்குகளைத் தேடுவதிலேயே போகிறது. தானே செய்த போர்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தமாகப் போவார். முதலில் சும்மாவே மாற்றித் தருகிறேன் என்றார். ஒருவனும் விடவில்லை. ஓசியில் கொடுக்கிறாள் என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றார்கள். ஆகவே கொஞ்சம் காசு கேட்க ஆரம்பித்தார். அப்புறம் சிலர் ஒத்துக்கொண்டார்கள். சிலர் அடையாளம் கண்டு விரட்டினார்கள். வெளியூருக்கு விற்றுப்போன வண்டிகள் எங்கே ஓடுகின்றன என்று யாருக்கும் தெரியாது. அதை நினைத்துத் தூக்கம் வருவதில்லை என்கிறார்.

தம்பி கடை நன்றாக ஓடுகிறது. அக்கா திரும்பவும் செய்துகாட்டிய அந்த விளக்கைத்தான் இப்போது அவன் விற்கிறான். இந்த முறை எல்லாப் பாகங்களும் போட்டுத்தான். அதைப் புகழாதவர் இல்லை. வழியில் எதிர்ப்பட்டால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. மூத்த பெண் மட்டும் "அத்தை" என்று வாயெடுப்பாள். அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவாள்.

போன வாரம் சீட் தைக்க வந்த வேன் ஒன்றில் அந்தப் பழைய விளக்கு இருந்தது. ஆள் அனுப்பினேன், அக்கா வந்தார். வண்டிக்காரர் வயதானவர், நல்ல மாதிரி. அக்கா மூடியைக் கழற்றி, கருகிய போர்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பார்த்து, மூடியை முடுக்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றார். பழைய போர்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த நர்ஸ் பொண்ணு அடிபட்டுச்சே, அந்தக் கேஸ்ல வந்தது நீதானேம்மா?"

"ஆமாங்க."

"இனிமேலாவது ஒழுங்கா பண்ணும்மா."

"சரிங்க" என்றார் அக்கா. கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனார்.